இணையம் சரியில்லையா? தெருவாகச் சேர்ந்து கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர், கேபிள், செப்புக்கம்பி, மொபைல் என எந்த வழியில் இணையம் வந்தாலும், அது சரியாக வராதபோது ஒரே பகுதிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து நிறுவனத்திடம் கேட்க முடியும். எதை அளப்பது, எப்படி எழுதுவது, யாரிடம் கொண்டுபோவது, எங்கே சறுக்கும் என்பவை இங்கே கேள்வி பதிலாக.

தனியாகப் பத்து முறை புகார் கொடுத்தாயிற்று. சேர்ந்து கொடுத்தால் மட்டும் என்ன மாறிவிடும்?

ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தால், பழுது அந்த வீட்டில்தான் என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும். பல நேரம் அது உண்மையும்கூட. அதனால் "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்பார்கள், ஆள் வருவார், அவர் வரும் பகல் 11 மணிக்கு வேகம் நன்றாக இருக்கும், புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்படும். இரவு 9 மணிக்கு மறுபடி அதே கதை.

இருபது வீடுகள் ஒரே வாரத்தில் ஒரே முறையில் அளந்து, எல்லாவற்றிலும் இரவு 8 முதல் 11 வரை வேகம் சரிவதைக் காட்டினால் "உங்கள் வீட்டுப் பிரச்சினை" என்ற பதில் எடுபடாது. பழுது பொதுவான இடத்தில் இருக்கிறது என்றாகிவிடும். அந்தப் பொதுவான இடத்தைச் சரிசெய்ய களப்பணியாளரால் முடியாது. கொள்ளளவைக் கூட்டப் பணம் ஒதுக்குகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். புகாரை அவர் மேசைவரை கொண்டுபோகத்தான் இத்தனை பேர் சேர வேண்டியிருக்கிறது.

எத்தனை பேர் தேவை?

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஐந்நூறு பேரைவிட, ஒரே தெருவில் ஒரே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பதினைந்து வீடுகள் வலுவானவை.

வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாக இருப்பது ஜிபான் என்ற முறை. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஒரே ஒரு கண்ணாடி இழையைத் தெருவில் ஒரு ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு இறக்கத்துக்கு (டவுன்லோடு) ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ்; ஏற்றத்துக்கு (அப்லோடு) 1.25 ஜிபிபிஎஸ். 64 பேரும் ஒரே நொடியில் முழுதாக இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 100, 200, 300 என்று திட்டங்களை விற்கிறார்கள். அந்தக் கணக்கு நேர்மையாகப் போடப்பட்டிருந்தால் யாருக்கும் குறை தெரியாது. ஆகவே ஒரே ஸ்பிளிட்டரில் இருக்கும் வீடுகளைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். கம்பத்திலோ சுவரிலோ இருக்கும் பெட்டியிலிருந்து எந்தெந்த வீட்டுக்குக் கம்பி போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அளப்பதற்கு முன் வீட்டில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

இந்தப் படியைத் தாண்டிப் போன குழுக்கள்தான் முதல் கூட்டத்திலேயே தோற்றுப்போகின்றன. நிறுவனத்தின் பொறியாளர் இரண்டே வீடுகளின் அளவீடு வைஃபையில் எடுத்தது என்று காட்டிவிட்டால் மற்ற பதின்மூன்றும் சேர்ந்து மதிப்பிழக்கும்.

கணினியை ரூட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். அந்தக் கேபிளின் முனையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறத்தில் எட்டுச் சிறு தகடுகள் வரிசையாக இருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் தேவை. ஒன்று சரியாக அழுந்தாமலோ கறுத்தோ இருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், ஸ்பீடு டெஸ்ட் 94, 95-இலேயே நின்றுவிடும். 200 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவருக்கு எப்போது அளந்தாலும் 94 வருகிறதென்றால், குற்றவாளி அநேகமாக அந்தக் கேபிள்தான், அல்லது ரூட்டரிலுள்ள பழைய 100 எம்பிபிஎஸ் துளை. நிறுவனத்தைக் குறைசொல்ல முடியாது.

மற்றவை சுருக்கமாக: அளக்கும்போது வீட்டிலுள்ள டிவி, போன், கேமரா எல்லாவற்றையும் ரூட்டரிலிருந்து துண்டியுங்கள். விபிஎன்னை அணையுங்கள். கேபிள் போட வழியே இல்லாத வீடுகள் ரூட்டருக்கு இரண்டு மீட்டருக்குள் நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளந்து, தாளில் "வைஃபை" என்று வெளிப்படையாகக் குறிக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் முப்பது ரூட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கியடிக்கும்போது கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். திட்டத்தில் வருவது மெகாபிட், பதிவிறக்கத் திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பதிவிறக்கம் நொடிக்கு 12 மெகாபைட் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

எத்தனை முறை, எந்த நேரத்தில் அளப்பது?

ஜெர்மனியின் ஒழுங்குமுறை அமைப்பு கம்பிவழி இணையத்துக்கு ஒரு முறையை வகுத்திருக்கிறது: மூன்று தனித்தனி நாட்கள், நாளுக்கு 10 என மொத்தம் 30 அளவீடுகள், எல்லாம் கேபிள் வழியாக. எந்த ஊரிலும் இதையே பின்பற்றலாம். குழுவுக்கு நடைமுறையில் எளிதானது இது: 14 நாட்கள், நாளுக்கு மூன்று வேளை, அதாவது காலை 6 மணி, பிற்பகல் 2, இரவு 9. எல்லா வீடுகளும் அதே வேளையில், ஆனால் ஒரே நிமிடத்தில் வேண்டாம். இருபது வீடுகள் ஒரே நொடியில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நெரிசலை நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆளுக்கு மூன்று நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தாளில் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: "வீடு 7, 14ஆம் தேதி, இரவு 9.10, கேபிள், திட்டம் 100, இறக்கம் 11, ஏற்றம் 88, பிங் 64." பிங் என்பது ஒரு சிறு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிநொடியில். இந்த ஒரு வரியே எவ்வளவு சொல்கிறது பாருங்கள். ஏற்றம் 88 வருகிறதென்றால் வீட்டுக் கம்பியும் கேபிளும் நலம். இறக்கம் மட்டும் 11-க்கு விழுந்திருக்கிறது, நேரம் இரவு 9. பலரும் காணொளி பார்க்கும் வேளையில் மேலிருந்து கீழே வரும் பாதை நிரம்பி வழிகிறது. அதே வீட்டின் காலை 6 மணி வரியில் இறக்கம் 96 என்று இருந்தால் இந்த ஊகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும்.

நல்ல எண்களையும் எழுதுங்கள். மோசமானவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்த தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

எந்த ஸ்பீடு டெஸ்ட்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் காட்டுகிறதே?

ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீடுடெஸ்ட் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, பக்கத்திலுள்ள சர்வரோடு அளக்கும். அந்த சர்வர் உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கலாம். அப்படியானால் உள்வலையின் வேகம்தான் தெரியும், வெளியுலகத்துக்குப் போகும் பாதையின் நெரிசல் தெரியாது. எம்-லேப் என்ற திறந்த திட்டத்தின் சோதனை ஒற்றை இணைப்பில், நிறுவனங்களின் வலைக்கு வெளியேயுள்ள சர்வரோடு அளக்கும். அதில் எண் குறைவாக வரும். இரண்டும் பொய்யல்ல, அளக்கும் பொருள் வேறு. ஆகவே இரண்டையும் எடுங்கள். முதலாவது 95, இரண்டாவது 9 என்றால், நிறுவனத்தின் வலை வெளி வலைகளோடு சேரும் இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

எம்-லேப் முடிவுகள் ஐபி முகவரியோடு பொதுவில் வெளியிடப்படும். அது வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வேகம் வருகிறது, ஆனால் காணொளி அழைப்பு மட்டும் அறுந்து அறுந்து போகிறது. ஏன்?

அழைப்புக்கு வேகம் அதிகம் தேவையில்லை, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அதற்குத் தேவை தாமதம் குறைவாகவும் சீராகவும் இருப்பது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது பேச்சுக்கான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பிங் கட்டளையைப் பத்து நிமிடம், 600 முறை ஓடவிடுங்கள். இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தது, குறைந்த பிங்குக்கும் கூடிய பிங்குக்கும் இடையே எவ்வளவு. கம்பிவழி இணைப்பில் தொடர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் இழப்பு இருந்தால் அதைத் தனிப் புகாராகவே எழுதலாம்.

ஆனால் முதலில் ஒரு சோதனை. சும்மா இருக்கும்போது பிங் 15, யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது 400 என்று எகிறுகிறதா? ரூட்டரின் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்கி நிற்கின்றன என்று பொருள். ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற, வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கி, உங்கள் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். பல வீடுகளில் இதோடே தீர்ந்துவிடும், புகாரே தேவைப்படாது.

பழுது எங்கே இருக்கிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

துல்லியமாக முடியாது. ஆனால் தாளை வைத்து எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

எல்லா வீடுகளும் மாலையில் மட்டும் சரிந்தால் பொதுப் பாதையில் நெரிசல். அது ஸ்பிளிட்டருக்கு மேலேயுள்ள இழையாக இருக்கலாம். பெரும்பாலும் அதற்கும் மேலே, உள்ளூர் நிலையத்திலிருந்து நிறுவனத்தின் மைய வலைக்குப் போகும் மேல்நோக்கு இணைப்பாக இருக்கும். பக்கத்துத் தெருவில் வேறு ஸ்பிளிட்டரில் உள்ள நான்கு வீடுகளையும் அளக்கச் சொல்லுங்கள். அவர்களும் அதே நேரத்தில் சரிந்தால் பழுது நிலையத்துக்கு மேலே.

ஒரு வீடு மட்டும் எல்லா நேரமும் மோசம் என்றால் அந்த வீட்டு வயர். ஃபைபரென்றால் வரும் ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அது தெரியும், இல்லையென்றால் களப்பணியாளரின் கையிலுள்ள மீட்டரில் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் வகைப் பெட்டிகளுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை எல்லை. மைனஸ் 20 சுற்றி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்றால் நூலில் தொங்குகிறது, வெயிலிலும் மழையிலும் அறும். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். கதவிடுக்கில் நசுங்கிய வயர், கூர்மையாக மடங்கிய வளைவு, அழுக்கேறிய முனை, இந்த மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். களப்பணியாளர் வரும்போது அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தப் பெட்டி நிரம்பி வழிவது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

மழை பெய்தால் மட்டும் போகிறதென்றால் செப்புக்கம்பியின் இணைப்பிலோ பெட்டியிலோ தண்ணீர் இறங்குகிறது. சில தளங்கள் மட்டும் மெதுவாக இருந்தால், முதலில் ரூட்டரில் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். மாறவில்லையென்றால், தரவு எந்தெந்த வலைகள் வழியே போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் எடுத்து வையுங்கள். வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை என்பவரின் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அது வேகப் பிரச்சினை அல்ல, தனிக் கோரிக்கை.

மொபைல் வழி இணையத்தில் சிக்னல் அளவையும் குறியுங்கள். ஆர்எஸ்ஆர்பி (போனுக்கு வந்து சேரும் சிக்னலின் வலிமை) மைனஸ் 80-க்கு அருகில் இருந்தும் இரவில் வேகம் விழுந்தால் கோபுரத்தில் கூட்டம். மைனஸ் 110-க்குக் கீழே என்றால் கவரேஜே போதவில்லை. முதலாவதற்குக் கொள்ளளவைக் கேளுங்கள், இரண்டாவதற்குக் கோபுரத்தை.

ஒப்பந்தத்தில் "100 எம்பிபிஎஸ் வரை" என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

"வரை" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் நிறுவனங்கள் ஒளிந்துகொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதி 2015/2120 அந்த ஒளிவிடத்தை அடைத்தது: கம்பிவழி இணைய ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்சம், விளம்பர வேகம் என நான்கையும் எழுதியாக வேண்டும். உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும், அந்த முதல் இரண்டு எண்களை எழுத்தில் தரும்படி கேட்கலாம். தர மறுத்தால் அந்த மறுப்பையும் மனுவில் சேருங்கள்.

சேவை நேரத்துக்கும் இதே கணக்கு. "99 சதவீதம் இயங்கும்" என்றால் கேட்க இனிமையாக இருக்கும். 30 நாள் மாதத்தில் 7 மணி 12 நிமிடம் இணையம் இல்லாமல் போகலாம் என்று அதற்குப் பொருள். 99.9 என்றால் 43 நிமிடம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். தாள் இணைப்பாகப் போகட்டும். கோரிக்கை எண்ணிலும் தேதியிலும் இருக்க வேண்டும். "சேவையை மேம்படுத்துங்கள்" என்று எழுதினால் "மேம்படுத்தி வருகிறோம்" என்று பதில் வரும். ஒரு மாதிரி:

"இந்தத் தெருவின் 18 இணைப்புதாரர்கள் 14 நாட்கள் கேபிள் வழியாக 702 முறை அளந்தோம். காலை 6 மணிக்கு இடைநிலை வேகம் 94 எம்பிபிஎஸ், இரவு 9 மணிக்கு 13. ஏற்றத்தில் குறைவில்லை. எனவே நெரிசல் எங்கள் வீடுகளுக்கு வெளியே உள்ளது எனக் கருதுகிறோம். 1) எங்கள் பகுதிக்கான மேல்நோக்கு இணைப்பின் கொள்ளளவையும் உச்சநேரப் பயன்பாட்டையும் தெரிவிக்கவும். 2) இரவு 8 முதல் 11 வரை குறைந்தது 60 எம்பிபிஎஸ் கிடைக்கும்படி 30 நாட்களுக்குள் சரிசெய்யவும். 3) அதுவரை ஒவ்வொருவரின் கட்டணத்திலும் கழிவு தரவும். எங்கள் 18 புகார் எண்கள் கீழே."

702 ஏன் என்றால்: 18 வீடுகள், 14 நாட்கள், 3 வேளை என்றால் 756 வர வேண்டும். மின்வெட்டு, ஊருக்குப் போனது என்று சில விடுபடும். விடுபட்டதை நிரப்பாமல் அப்படியே விட்டதுதான் அந்தத் தாளின் நேர்மை. சராசரி போடாமல் இடைநிலை (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) போட்டதற்கும் காரணம் உண்டு: ஒரே ஒரு வீட்டின் 300 எம்பிபிஎஸ் திட்டம் சராசரியைத் தூக்கிவிடும், இடைநிலையை அசைக்காது. வெவ்வேறு திட்டங்கள் கலந்திருந்தால் வெறும் எண்ணாக இல்லாமல் "திட்ட வேகத்தில் எத்தனை சதவீதம்" என்று எழுதுங்கள்.

புகார் எண்கள் இல்லாமல் மனு அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பதிந்து எண் வாங்கிய பிறகே கூட்டு மனு. இல்லையென்றால் "எங்கள் பதிவேட்டில் புகாரே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

அவர்கள் எப்படியெல்லாம் நழுவுவார்கள்?

முன்னின்று நடத்துபவரின் வீட்டை மட்டும் சரிசெய்து தருவது ரொம்பப் பழைய வழி. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் குழுவுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும், அந்த வீட்டின் அளவீடும் தொடர வேண்டும். அடுத்தது, "எல்லாருக்கும் 100-லிருந்து 200-க்கு இலவசமாக உயர்த்துகிறோம்." நிரம்பி வழியும் குழாயில் திருகை இன்னும் திறந்துவிடுவதுதான் இது, இரவு 9 மணி இன்னும் மோசமாகும். கொள்ளளவைக் கூட்டும் தேதி இல்லாமல் இதை ஏற்காதீர்கள். மூன்றாவது, பேசித் தீர்க்க போனில் அழைப்பது. பேசுங்கள், பேசி முடித்ததும் "இன்று தொலைபேசியில் நீங்கள் ஒப்புக்கொண்டவை" என்று மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

பில் கட்டாமல் நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இணைப்பு துண்டிக்கப்படும், நிலுவை உங்கள் பெயரில் ஏறும், அதன்பின் வழக்கு உங்கள் சேவையைப் பற்றியதாக இல்லாமல் உங்கள் கடனைப் பற்றியதாகிவிடும். 2014-ல் எகிப்தில் மெதுவான, விலை கூடிய இணையத்தை எதிர்த்து இறங்கியவர்கள் பில்லைக் கட்டினார்கள், ஆனால் சில்லறைக் காசுகளாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சட்டத்தை மீறாமலே கவனத்தை இழுத்த வழி அது.

தெருவில் இறங்குவதும் சில நேரம் பலிக்கும். 2014 அக்டோபரில் ஹங்கேரி அரசு இணையப் பயன்பாட்டுக்கு கிகாபைட் கணக்கில் வரி போடப் போவதாக அறிவித்தபோது புடாபெஸ்டில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள், மாத முடிவுக்குள் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அது ஒரே சொல்லில் "ஆம், இல்லை" என்று முடிகிற விஷயம். நிரம்பிய இணைப்பு அப்படியல்ல. அதற்கு எண்கள்தான் வேண்டும்.

ஒழுங்குமுறை ஆணையத்திடம் எப்போது போவது?

நிறுவனத்துக்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டுப் படி முடிந்த பிறகு. முந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்கும்போது மனு, தாள், புகார் எண்கள், வந்த பதில்கள் எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பாக இருக்கட்டும். ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் காலங்களையும் தவறவிடாதீர்கள். இந்தியாவில் 2015-ல் இணைய சமநிலை (எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனம் ஒரேபோல நடத்த வேண்டும் என்ற கொள்கை) குறித்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்குவதைத் தடைசெய்து விதி வந்தது.

குழுவை எப்படி நடத்துவது?

மூன்று பேர் போதும்: தாளைப் பார்ப்பவர், எழுதுபவர், வீடு வீடாகப் போய் அளக்க உதவுபவர். மூன்றாமவர்தான் முக்கியம். வயதானவர்கள் வீட்டில் கேபிளைச் செருகி அளந்து தர ஆள் இல்லாவிட்டால் தாள் பாதியில் நிற்கும். அரட்டைக்கு ஒரு குழு, அறிவிப்புக்கு மட்டும் வேறொன்று என்று பிரித்துவிடுங்கள். பொதுவில் பகிரும் படங்களில் கணக்கு எண், போன் எண், ஐபி முகவரி இருக்கக் கூடாது, வீடுகளுக்குக் குறியீடு போதும். வெளியே எழுதும்போது அளந்ததை மட்டும் எழுதுங்கள். "இரவு 9 மணிக்கு 13 எம்பிபிஎஸ்" என்பதை யாரும் மறுக்க முடியாது, "திருடர்கள்" என்பதற்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

எல்லாரும் சேர்ந்து வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா?

நல்ல பேரம் அது. ஆனால் புது நிறுவனம் பழைய நிறுவனத்தின் கம்பியையே வாடகைக்கு எடுத்து விற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பெயர் மாறும், நெரிசல் மாறாது. இரண்டு வீடுகள் மட்டும் புது இணைப்பு வாங்கி இரண்டு வாரம் அதே மூன்று வேளை அளக்கட்டும். இன்னொன்று: காலியாக இருக்கும் வலையில் இரண்டு வீடுகளுக்கு நன்றாகத்தான் வரும். நாற்பது வீடுகள் போனபின் என்ன ஆகும் என்பதற்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

நிறுவனமே வர மறுக்கும் இடத்தில் நாமே வலை போட முடியுமா?

முடிந்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011-ல் தொடங்கிய பிஃபோர்ஆர்என் என்ற சமூக நிறுவனம், நில உரிமையாளர்கள் வயல்களின் வழியே இலவசமாகப் பாதை தர, தன்னார்வலர்கள் பள்ளம் தோண்ட, வீடுகளுக்கு ஜிகாபிட் ஃபைபர் கொண்டுபோனது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004-ல் வயர்லெஸ்ஸாகத் தொடங்கிய கிஃபி நெட் (guifi.net) என்ற சமூக வலை இன்னொன்று. இரண்டிலும் கடினமான பகுதி தோண்டுவதல்ல. பத்தாண்டுகள் பராமரிப்பதும், இரவு 2 மணிக்கு வயர் அறுந்தால் யார் போவது என்பதும்தான்.

சரிசெய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா?

இன்னும் 14 நாட்கள் அதே வேளைகளில் அளங்கள். பழைய தாளின் பக்கத்திலேயே புதிய எண்களை எழுதுங்கள். இரவு 9 மணி இடைநிலை கேட்ட அளவைத் தொட்டிருந்தால் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, புகார்களை நீங்களே மூடச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்த அதிகாரி உங்கள் கடிதத்தைத் திறந்து படிப்பார். அதன்பின் மாதத்தில் ஒரு வாரம் ஐந்து வீடுகள் மட்டும் அளந்தால் போதும். தெருவில் புது இணைப்புகள் ஏற ஏற அந்த எண் மெல்ல இறங்கும், அது 60-க்குக் கீழே போகும் வாரத்தில் பழைய மனுவைத் தேதி மாற்றி அனுப்பலாம்.